சின்ன எழுத்தில் இருந்தவள்

தருமபுரிக்குத் திரும்பி வந்த பிறகு என் காதில் அதிகம் விழுந்த வாக்கியம், "தேடினா வரல மேடம்" என்பதுதான்.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்குறைப்பு வந்தது, நானும் அதில் போனேன். கழுத்து வலி அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. கணவருக்கு இங்கே வேலை, மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். வாரக் கடைசியில் ரயிலேறி வந்துபோகிற வாழ்க்கையும் எனக்கு அலுத்திருந்தது. வீட்டில் இருந்தபடியே உள்ளூரில் சின்னச் சின்ன வேலைகளை எடுத்துக்கொண்டேன். ஒரு உரக்கடையின் சரக்கு இருப்பு, ஒரு பள்ளியின் வருகைப் பதிவு, ஒரு திருமணத் தகவல் மையத்தின் வெப்சைட். எல்லாமே யாரோ எழுதி, யாரோ பாதியில் விட்டுப்போனவை. அடுத்தவர் கட்டிய வீட்டில் ஒழுகுகிற இடத்தைத் தேடி அடைக்கிற வேலை என்னுடையது. அடைத்த பிறகு யாரும் நன்றி சொல்வதில்லை. மறுபடி ஒழுகினால் மட்டும் போன் வரும்.

இந்த மூன்றில் அதிகம் போன் வந்தது திருமண மையத்திலிருந்துதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது அது. நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் அவரை அக்கா என்பார்கள், நானும் அப்படியே. உட்கார்ந்த இடத்திலிருந்தே மாவட்டத்தின் எந்த மூலையில் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார். குரலும் அவருக்குச் சற்றுப் பெரியது. அவருக்கு உதவியாகத் தட்டச்சு செய்கிற ஒரு பெண் இருந்தாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவ்வளவுதான் அந்த அலுவலகம். மாதத்தில் சில நாட்கள் நானும் அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. தக்காளி போடுகிறவர். மார்க்கெட்டுக்குப் பழம் ஏற்றிவிட்டு அப்படியே பஸ் பிடித்து வந்துவிடுவார். சட்டையில் தக்காளிச் செடியின் வாடை இருக்கும். படியேறி வந்து, செருப்பை வெளியே விட்டு, மின்விசிறிக்கு நேராக உள்ள நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் கேட்பார்.

"எதாச்சும் வந்துச்சிங்களா?"

அக்கா கம்ப்யூட்டரைக்கூடப் பார்க்காமல் சொல்வார், "இன்னும் இல்லீங்க. நேரம் வரணுமில்லீங்களா?"

"ஆமாங்க. நேரம் வரணும்." அவரே அதற்குத் தலையாட்டிக்கொள்வார். ஒரே மகள். எம்.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடித்து ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பதிவு செய்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒரு போன்கூட வரவில்லை. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகாத இடமில்லை என்றார். செவ்வாய் என்றார் ஒருவர், ராகு என்றார் இன்னொருவர். ஒவ்வொருவர் சொன்ன கோயிலுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கர்நாடகப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போய்ப் பாம்புக் கல் நட்டுவிட்டுக்கூட வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பக்தியைவிட பஸ் மாறி மாறிப் போன அலுப்புதான் தெரிந்தது.

ஒரு தடவை அவர் படியிறங்கிப் போன பிறகு அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு புரியல. படிச்ச பொண்ணு, பாக்க லட்சணமா இருக்குது, ஒரே பொண்ணு. இதைவிடச் சுமாரான இடத்துக்கெல்லாம் போன் வந்து கொட்டுது. இவருக்கு ஒருத்தன்கூட பண்ணலன்னா என்னா அர்த்தம்? நீ கொஞ்சம் பாரு."

அலுப்பாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். அன்று உரக்கடைக்காரர் வேறு காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் எப்படித் தேடுவார்களோ அப்படியே தேடினேன். நம் பக்கத்தில் முதல் சல்லடை சாதி. அடுத்தது ஊர். படிப்பெல்லாம் அதற்கப்புறம்தான். சாதியைத் தேர்ந்தெடுத்தேன், ஊர் என்ற இடத்தில் பாலக்கோட்டைத் தேர்ந்தெடுத்தேன். நிறையப் பெண்கள் வந்தார்கள். இவள் வரவில்லை. பதிவு எண்ணைப் போட்டுத் திறந்தேன். இருந்தாள். போட்டோ இருந்தது, ஜாதகம் இருந்தது, ஊரும் பாலக்கோடு என்றுதான் இருந்தது. மறுபடி தேடினேன். இல்லை.

இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தேடும் பக்கம் Palacode என்று கேட்டது. அவள் பதிவில் palacode என்று இருந்தது. ஒரே ஒரு எழுத்து. பெரிய பி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன பி.

கோபம்கூட வரவில்லை எனக்கு. இத்தனை வருட வேலையில் பெரிய கோளாறுகளுக்கெல்லாம் காரணம் இந்த மாதிரி அற்பமாகத்தான் இருந்திருக்கிறது. 

இதை அக்காவுக்கு எப்படி விளக்கினேனோ அப்படியே இங்கும் சொல்கிறேன். இரண்டு சொற்களை எதிரெதிரே வைத்து இரண்டும் ஒன்றுதானா, இல்லையென்றால் எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானிக்க டேட்டாபேஸுக்கு ஒரு விதி வேண்டும். அந்த விதிக்குக் கொலேஷன் என்று பெயர். மையத்தில் முதலில் இருந்த டேட்டாபேஸின் விதி தாராளமானது. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, எழுத்து ஒன்றுதானே என்று விட்டுவிடும். ஆகவே அப்போது எப்படித் தட்டினாலும் எல்லோரும் தேடலில் வந்தார்கள். நான் வருவதற்கு முன்னால், செலவு குறையும் என்று, வெப்சைட்டுக்கு இடம் கொடுக்கிற சர்வர் கம்பெனிக்காரர்கள் வேறொரு டேட்டாபேஸுக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் புதியதின் விதி கறார். அதற்குப் பெரிய பி வேறு, சின்ன பி வேறு. மாற்றியவர்கள் எல்லாப் பதிவும் வந்து சேர்ந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள். வந்து சேர்ந்திருந்தது. எதுவும் தொலையவில்லை. தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான்.

"அது சரி, இவளுக்கு மட்டும் ஏன் சின்ன எழுத்து?" என்றார் அக்கா.

இண்டூர்ப் பெண் தலையை நிமிர்த்தினாள். "அக்கா, அப்ப அந்த கீபோர்டுல ஷிப்ட் கீ வேலை செய்யலக்கா. டீ கொட்டிருச்சில்ல. புதுசு வாங்கற வரைக்கும் எல்லாத்தையும் சின்ன எழுத்துலயேதான் போட்டேன். உங்ககிட்ட சொன்னேனே, பரவால்ல, தேடினா வருதில்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சமயத்தில் வந்தது. பெரியவரின் மகளைப் பதிந்த கையோடு டேட்டாபேஸ் மாறிவிட்டது. அந்தச் சில மாதங்களில் பதிந்தவர்கள் அத்தனை பேரும், ஆணும் பெண்ணுமாக, இரண்டு வருடமாகக் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நிறையப் பேர் இதற்குள் வேறு மையம், தரகர், சொந்தக்காரர் என்று போயிருப்பார்கள். இந்தப் பெரியவர் இந்த ஒரு இடத்தையே நம்பி வந்துகொண்டிருந்தார்.

சரிசெய்வது பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்தேன். தேடுகிற சொல்லையும் பதிவில் உள்ள சொல்லையும் ஒப்பிடும் முன் இரண்டையுமே சின்ன எழுத்தாக்கிக்கொள் என்று எழுதினேன். உடனே அவள் வந்தாள். கூடவே வெப்சைட் தூங்கி வழிய ஆரம்பித்தது. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருப்பதுபோல டேட்டாபேஸுக்கும் ஒரு அடைவு உண்டு. அது பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக உள்ளபடியே போட்ட அடைவு. நான் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிக் கேட்கவும் அந்த அடைவு உதவாமல் போய், ஒவ்வொரு தேடலுக்கும் புத்தகம் முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்துவிட்டது. "சுத்துது, சுத்துது, வரவேமாட்டேங்குது" என்று போன்கள் வந்தன. சின்ன எழுத்தாக்கிய சொற்களுக்கென்று தனி அடைவு ஒன்று போட்டேன். பாதியில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் முழுக்க இதிலேயே போயிற்று.

இது முடிந்த கையோடு அக்கா தமிழ்ப் பக்கத்தை ஆரம்பித்தார். வெப்சைட் பார்க்கத் தெரியாதவர்களுக்காக தேடலில் வருகிறவர்களை ஊர்வாரியாகத் தமிழில் ஒரு சிறு புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பார். அதில் பென்னாகரம் முன்னாலும் பெரும்பாலை பின்னாலும் வருகிறது, தப்பாகத் தெரிகிறதே என்றார். தப்புதான். நம் வரிசையில் னகரம் கடைசி எழுத்து. கம்ப்யூட்டருக்கு எழுத்துகளுக்கு எண் கொடுத்தவர்கள் அதை நகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள். தமிழுக்கென்று உள்ள கொலேஷனைப் போட்டால் வரிசை சரியாகிவிடும். போட்டேன். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தொல்லை இல்லை என்று நிம்மதிப்படும்போதே வேறொன்று வந்தது. புத்தகத்தில் பாலக்கோடு என்ற தலைப்பு இரண்டு தடவை இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் 'கோ' என்பது 'கே'யும் ஒரு துணைக்காலுமாக இரண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தது. மற்றவற்றில் ஒரே துண்டு. அதையும் ஒன்றாக்கினேன். வீட்டுக்குப் போய்க் கழுத்துக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்தபோது, இந்த வேலையை விட்டுவிடலாமா என்றுதான் தோன்றியது. வழக்கமாகத் தோன்றுவதுதான்.

மறுநாளிலிருந்து மையத்துக்கும் பெரியவருக்கும் போன்கள் வர ஆரம்பித்தன. அவருக்கு வந்தவற்றை நான் பார்க்கவில்லை. மையத்துக்கு வந்தவற்றைப் பார்த்தேன். மறைந்திருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டார்கள் அல்லவா? அவர்களில் பலருக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. ஒரு பெண்ணின் கணவர் போனில் கத்தினார். "என் சம்சாரத்துக்கு மாப்ள பாக்கறீங்களா நீங்க? எவன் எவனோ போன் பண்றான்!" ஒரு பையனின் அம்மா அழுதார். மகன் விபத்தில் போய்விட்டானாம். அவன் போட்டோவைப் பார்த்து யாரோ ஜாதகம் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் இண்டூர்ப் பெண் போனை என்னிடம் நீட்டினாள். "மன்னிச்சிருங்கம்மா, இப்பவே எடுத்துடறேன்" என்றேன். எடுத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, சின்ன எழுத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரையும் போனில் அழைத்துக் கேட்க ஆரம்பித்தோம். "வணக்கங்க, உங்க பதிவு இன்னும் இருக்கட்டுங்களா, எடுத்துடலாங்களா?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அக்கா பனங்கற்கண்டு வாங்கிக் கொடுத்தார்.

இந்த நேரத்தில்தான் பெரியவர் வந்தார். வழக்கமாக மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருகிறவர் அன்று நின்றுகொண்டே பேசினார். முகமே மாறியிருந்தது.

"போன் வந்துனே இருக்குதுங்க! மாரண்டஹள்ளியிலருந்து, கிருஷ்ணகிரியிலருந்து, ஓசூர்ல கம்பெனியில இருக்கற பையன் ஒருத்தன்... என்னாங்க பண்ணீங்க?"

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். "நேரம் வந்துருச்சுங்க" என்று அவரிடம் சொன்னார்.

எனக்கு என்னவோ அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. நல்லெண்ணம் என்று சொல்ல மாட்டேன். காலையிலிருந்து போனில் எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன், இன்னொன்றை மறைத்துவைக்கத் தெம்பில்லை. "இல்லீங்க, கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு இருந்துச்சுங்க. உங்க ஊர்ப் பேரை சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, அதனால தேடினவங்களுக்கு உங்க பொண்ணு தெரியல. இப்ப சரிபண்ணியாச்சு" என்றேன்.

அக்கா பெருமூச்சு விட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"ரெண்டு வருசமாங்களா?"

"ஆமாங்க."

"அப்ப பாப்பாவோட ஜாதகத்துல ஒண்ணும் இல்லீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. போன் வராததுக்கு ஜாதகம் காரணமில்லீங்க. சின்ன எழுத்துதான் காரணம்."

"ஒரு எழுத்தா" என்றார். பிறகு, "பாப்பா பச்சைத் தண்ணிகூட குடிக்காம செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை இருந்துச்சுங்க" என்றார். அக்கா வரவழைத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். போகும்போது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்ணே வந்தாள். அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இண்டூர்ப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். நான் மட்டும்தான். பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள் போல. சேலையில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது. போட்டோவில் இருந்ததைவிட இளைத்திருந்தாள்.

"கம்ப்யூட்டர் பாக்கறது நீங்கதானுங்களா? எங்கப்பா சொன்னாரு. அந்த சின்ன எழுத்து..."

திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். பாட்டிலைத் திறந்து பாதி குடித்துவிட்டு, ஒரு தரம் கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அதைப் பழையபடியே சின்ன எழுத்தா மாத்திட முடியாதுங்களா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவளே சொன்னாள். இங்கே பதிவதற்கு முன்னால் தரகர் மூலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது வருவார்கள். சேலை கட்டிக்கொண்டு, காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். ஒருவர் நிறம் கம்மி என்பார். ஒருவர் படிப்பு ஜாஸ்தி என்பார். ஒரு வீட்டார் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் பள்ளிக்கே வந்து வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே பதிந்தார்கள். அன்றிலிருந்து யாரும் வரவில்லை.

"மொதல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. யாருக்குமே வேணாமாட்ட இருக்கமேன்னு. அப்புறம் அப்படியே பழகிருச்சுங்க. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா துணி தொவைப்பேன், அம்மாகூட டிவி பாப்பேன். யாரு வருவாங்களோன்னு வாசலப் பாத்துனு இருக்க வேணாம். அப்பா கோயிலுக்குக் கூப்புட்டா போவேன். போனா மலை, மரமெல்லாம் பாக்கலாமில்ல. விரதம் இருக்கச் சொன்னா இருப்பேன். எனக்குத் தெரிஞ்சு வாழ்க்கையில நிம்மதியா இருந்தது இந்த ரெண்டு வருசம்தாங்கக்கா. இப்ப காலையில ஆறு மணிக்கே போன் அடிக்குது. போன வாரம் ரெண்டு வூட்டுக்காரங்க வந்துட்டாங்க. நாளைக்கு ஒருத்தங்க வர்றாங்க."

கல்யாணமே வேண்டாமா என்று கேட்டேன். கேட்ட பிறகு, எல்லோரும் கேட்பதையே நானும் கேட்கிறேனே என்று கூசியது.

"வேணாம்னு இல்லீங்க. இப்படி வேணாம். அதுக்கு மேல எனக்கே சொல்லத் தெரியல."

அவள் கேட்டது நடக்காது என்று விளக்கினேன். இப்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் டேட்டாபேஸுக்கு ஒன்றுதான். எப்படிப் போட்டாலும் அவள் தேடலில் வருவாள். கவனமாகக் கேட்டாள். ஆசிரியை அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டாள்.

"அப்ப வேற ஏதாச்சும் ஒரு தப்பு பண்ணி வைங்க. ஊர்ப் பேர்ல ஒரு எழுத்தை விட்டுடுங்க. யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. செய்வது ஒரு நிமிட வேலை. கை விசைப்பலகையின் பக்கம்கூடப் போனது. ஆனால் அந்தப் பெரியவர் மறுபடி படியேறி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, "எதாச்சும் வந்துச்சிங்களா?" என்று கேட்பதை நினைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை எனக்குக் காரணம் தெரிந்திருக்கும். அது என்னால் ஆகாது.

"முடியாதும்மா. உங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா கேப்பாருங்களா?"

"தெரியல."

பாட்டிலை மூடி மேஜைமேல் வைத்தாள். "நீங்க சொல்றது சுலபம்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. புத்தி சொல்லி அனுப்பிவிட்டோமே என்றிருந்தது. நானே என் அப்பாவிடம் எதையும் நேராகச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் பெரியவர் வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த துண்டை வாசலில் பிழிந்துவிட்டு உள்ளே வந்தார். அக்கா இருந்தார், நானும் இருந்தேன்.

"பாப்பாவோட போட்டோவ எடுத்துடுங்க" என்றார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னாங்க இது, இப்பத்தானே வர ஆரம்பிச்சிருக்குது! எங்கனா முடிவாயிருச்சா?"

"இல்லீங்க." அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "ஞாயித்துக்கிழமை வந்தாங்க. நல்ல எடம்தான். வந்தவங்கள்ல ஒரு அம்மா, ரெண்டு வருசமா பதிஞ்சு வெச்சும் ஒண்ணும் அமையலையாமே, என்னா கொறைன்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல சின்ன எழுத்து, அதனாலதான்னு நானும் சொன்னனுங்க. யாரும் நம்பல. சிரிச்சாங்க. அவங்க போன பின்னாடி பாப்பா டம்ளரெல்லாம் கழுவி வெச்சிட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்துச்சு. அப்பா, ரெண்டு வருசம் யாரும் வரல, நான் நல்லாத்தான் இருந்தேன்னுச்சு. அது எங்கிட்ட அப்படி உக்காந்து பேசறதில்லீங்க."

மழைச் சத்தத்தில் அவர் குரல் தணிந்து கேட்டது.

"அன்னிக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வரல. யோசிச்சுப் பாத்தா, நானும் நல்லாத்தாங்க இருந்தேன். அந்தக் கோயிலு இந்தக் கோயிலுன்னு ரெண்டு பேரும் பஸ்ல போனோம். வழியில எறங்கி சோளக்கருது வாங்கித் தின்னுவோம். யாராச்சும் கேட்டா, நேரம் வரலன்னு சொல்லிக்கலாம். இப்ப வர்றவங்களுக்கெல்லாம் என்னாத்த சொல்றது? எனக்கும் முடியலீங்க. பாப்பாவுக்கே தோணட்டும். அப்பப் பாக்கலாம்."

அக்கா வாதாடிப் பார்த்தார். பெண்ணுக்கு வயது ஏறுகிறது என்றார், பின்னால் வருத்தப்படுவீர்கள் என்றார். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அக்கா என் பக்கம் கையை ஆட்டினார். "அழிக்க வேணாம். நிறுத்தி வெச்சிருக்குன்னு போடு."

போட்டேன். இனி யார் எப்படித் தேடினாலும் அவள் வரமாட்டாள். பெரியவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னார். பாலக்கோடு என்று போட்டுத் தேடிக் காட்டினேன். வந்த முகங்களையெல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்தார். மகள் இல்லை என்று தெரிந்ததும் தலையசைத்தார். அந்த முகத்தில் இருந்தது வருத்தமா, ஆறுதலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மழை விடும் வரை உட்கார்ந்திருந்து, இண்டூர்ப் பெண்ணின் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அக்கா பதிவு நோட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு இண்டூர்ப் பெண்ணிடம், இனிமேல் பதிய வருகிறவர்களின் பெற்றோர் போன் நம்பரோடு பையன் அல்லது பெண்ணின் நம்பரையும் வாங்கு, ஒரு தடவை அவர்களிடமே கேட்டுவிட்டுப் போடு என்றார். "அன்னிக்கு அந்தாளு கத்துனான் பாரு, அந்த மாதிரி இன்னொருத்தன்கிட்ட என்னால பேச்சு வாங்க முடியாது" என்று அதற்குக் காரணமும் சொல்லிக்கொண்டார். எனக்கு அதனால் இன்னும் ஒரு கட்டம், இன்னும் கொஞ்சம் வேலை. அதையும் செய்து கொடுத்தேன். பெற்றோர் பலர் முகம் சுளித்தார்கள். சில பேர் வேறு மையத்துக்குப் போனார்கள். இருந்தவர்கள் இருந்தார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்தேன். கழுத்தைக் காட்ட ஓசூரில் ஒரு டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. காலையில் தருமபுரியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாலக்கோட்டில் கூட்டத்தோடு ஏறியவள் என்னைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாளாம். ஓசூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தாள். தினமும் போக வர பஸ்தான்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"ஷிப்ட் மாறி மாறிப் போடறாங்கக்கா. கால் வலி உசுரு போவுது" என்றாள். "நின்னுக்கிட்டேதான் வேலை. ஆனா மெஷினெல்லாம் புதுசு. காலேஜ்ல படத்துலதான் பாத்தேன், இங்க தொட்டுப் பாக்கறேன்."

கழுத்தைக் காட்ட டாக்டரிடம் போகிறேன் என்று நானும் சொன்னேன். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். தக்காளியை விட்டுவிட்டு இந்த வருடம் சாமந்தி போட்டிருக்கிறார் என்றாள். கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஸ் ராயக்கோட்டையைத் தாண்டியது. அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதிலிருந்த இட்லியில் இரண்டை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். பொடி தடவிய இட்லி. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. இருவரும் சாப்பிட்டு முடிக்கும்போது அவள் இறங்குகிற இடம் வந்தது. கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட கம்ப்யூட்டர் வேலைன்னு மறக்காம சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கண்டக்டரின் விசில் சத்தத்துக்குள் அவசரமாக இறங்கினாள்.